முதல் பேட்சுக்கு எந்தப் பதக்கம்?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலி வழியாகத் திறந்துவைத்தார். விருதுநகர், நாமக்கல், நீலகிரி என்று நீண்ட அந்தப் பட்டியலில் திருப்பூரும் இருந்தது. தாராபுரம் சாலையில் மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆயிற்று. ஆண்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள். நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், முதல் பேட்ச் முழு டாக்டர்களாக வெளியே வருவது 2027 வாக்கில். அன்று பட்டமளிப்பு விழா நடக்கும். ஊர்ப் பெரிய மனிதர்கள் மேடையில் இருப்பார்கள். சில பேரைப் பெயர் சொல்லி மேலே அழைப்பார்கள்.

யாரை அழைப்பது, எதற்காக அழைப்பது என்பதை முடிவுசெய்ய இதுவே நல்ல தருணம். பழைய கல்லூரிகளில் பதக்கங்கள் ஏற்கெனவே ஏற்படுத்தப்பட்டவை. யாரோ ஒருவர் எப்போதோ எழுதிவைத்த நிபந்தனைப்படி ஆண்டுதோறும் அவை வழங்கப்படுகின்றன, மாற்றுவது கடினம். திருப்பூர்க் கல்லூரியின் மரபு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். இந்த நிலையில் தமிழ்நாட்டிலேயே இருக்கும் இரண்டு மரபுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் பதக்க மரபு. இன்னொன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தன் முன்னாள் மாணவர்களுக்கு வழங்கும் பால் ஹாரிசன் விருது. முன்னது படிப்பு முடியும்போது, மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவது. பின்னது படிப்பு முடிந்து பல ஆண்டு கழித்து, கிராமங்களிலும் வசதியற்ற இடங்களிலும் செய்த வேலையைப் பார்த்துத் தருவது.

சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது 1850இல் கல்லூரியானது. அங்கே பதக்கம் வாங்கியவர்களில் தமிழர்கள் மறக்கக் கூடாத பெயர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். பெண்ணாகப் பிறந்ததும் அந்தத் தாய்க்குப் பிறந்ததும் அன்றைய சமூகத்தில் இரட்டைத் தடை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கே எதிர்ப்பு எழுந்தது; மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பல பொற்பதக்கங்களுடன் பட்டம் பெற்றார்.

அந்தப் பதக்கங்களை அவருக்குக் கொடுத்தது எது? மதிப்பெண். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவரின் தாய் யார் என்று தெரிய வேண்டியதில்லை. 1912இல் அதே கல்லூரியில் ‘நற்பண்பு மிக்க மாணவர்’ என்று ஒரு விருது இருந்து, அதற்குரியவரை ஒரு குழு கூடிப் பேசித் தேர்ந்தெடுத்திருந்தால், முத்துலட்சுமியின் பெயர் அந்தக் குழுவின் வாயில் வந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை. மதிப்பெண்ணுக்குக் கண் கிடையாது என்பது அதன் குறை என்று இன்று பலர் சொல்கிறார்கள். சில காலங்களில், சில மாணவர்களுக்கு அதுவே அதன் பெரிய கருணையாக இருந்திருக்கிறது. (செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேர்வாளருக்கு முகம் தெரியும், ஆகவே கண்ணில்லாமை முழுமையானது அல்ல. ஆனாலும் அங்கே எதிரில் ஒரு நோயாளி இருக்கிறார், ஒரு கேள்வி இருக்கிறது, சரியும் தவறுமான பதில் இருக்கிறது.)

இது பழங்கதை இல்லை, திருப்பூரின் முதல் பேட்சுக்கு நேராகப் பொருந்தும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கியது. ஆகவே இக்கல்லூரியின் முதல் நூறு பேரிலேயே அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவர்களுக்கு இடம் உண்டு. முதலாண்டில் உடற்கூறியல் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு படிக்க நேர்கிற பிள்ளைகள் அவர்கள். பேராசிரியர்கள் கூடி ‘சிறந்த மாணவர்’ ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, சரளமான ஆங்கிலம், விழா மேடையில் அறிவிப்பாளராக நின்ற பழக்கம், டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இயல்பாக வரும் தன்னம்பிக்கை எல்லாம் ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்பில் கணக்கில் ஏறிவிடும். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, ஆனாலும் நடந்துவிடுகிறது. அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே 1902இல் தொடங்கிய ஆல்பா ஒமேகா ஆல்பா என்ற மாணவர் கௌரவச் சங்கத்துக்கு, மதிப்பெண்ணோடு தலைமைப் பண்பு, சேவை ஆகியவற்றையும் பார்த்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். வெள்ளை மாணவர்களோடு ஒப்பிடும்போது கறுப்பின மாணவர்களும் ஆசிய மாணவர்களும் அதில் தேர்வாகும் வாய்ப்பு குறைவாக இருப்பதாக 2017இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களை அதற்குப் பரிந்துரைப்பதை நிறுத்தியது.

இதையெல்லாம் பார்த்த பிறகு, மதிப்பெண் பதக்கத்தை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அது அளப்பது எவ்வளவு குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

கோவிந்தப்ப வெங்கடசாமியை எடுத்துக்கொள்வோம். அவரும் சென்னை மருத்துவக் கல்லூரிக்காரர்தான், 1944இல் படித்து முடித்தவர். ராணுவத்தில் சேர்ந்தார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்தக் கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 58 வயதில், 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அதன் கிளை ஒன்று திருப்பூரிலும் இருக்கிறது. 1944இல் எந்தத் தேர்வாளரால் இதைக் கண்டிருக்க முடியும்? அன்று கண்டுபிடிக்க எதுவும் இருக்கவில்லை. அந்த மனிதரை உருவாக்கிய நோயே அப்போது வந்திருக்கவில்லை.

முத்துலட்சுமியின் கதையும் பட்டமளிப்பு நாளில் முடிந்துவிடவில்லை. 1930இல் அவ்வை இல்லம் கண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தோடு பல ஆண்டு அலைந்து, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். இன்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண் கருவுற்றால், அவர் கையில் வந்து சேரும் அரசு உதவி, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் வருகிறது. அவர் வாங்கிய பொற்பதக்கங்கள் எந்தெந்தப் பாடத்துக்கானவை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பெயர் தெரியும்.

இனி வேலூர். 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய வைத்தியசாலையிலிருந்து 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி முளைத்தது. முதல் அணியில் 14 பேர் 1922இல் தேறி வெளியே வந்தார்கள். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று பிரசவத்தில் சாகக் கொடுத்த வீடுகள் இருந்த காலம் அது; அந்தப் பள்ளி எதற்காக ஏற்பட்டது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்க முடியாது. 1942இல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947இல் ஆண்களையும் சேர்த்தார்கள். திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள் படித்து முடித்ததும் இரண்டாண்டு மிஷன் மருத்துவமனைகளில் வேலை பார்த்தாக வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கே இருக்கிறது.

அங்கேயும் பட்டமளிப்பு நாளில் பரிசுகள் உண்டு. மதிப்பெண்ணை அவர்கள் துறந்துவிடவில்லை. ஆனால் கல்லூரி தன் பிள்ளைகளை இன்னொரு முறை, காலம் கடந்து, திரும்பிப் பார்க்கிறது. பால் ஹாரிசன் விருதை 2004இல் பெற்றவர் விநாயக் சென். வேலூரில் எம்.பி.பி.எஸ். முடித்து அங்கேயே குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்த அவர், சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா என்ற இரும்புச் சுரங்க ஊருக்குப் போனார். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் வழியாகத் தாங்களே ஒரு மருத்துவமனையைக் கட்டினார்கள். 1983இல் திறந்த அந்த ஷஹீத் மருத்துவமனையை நிலைநிறுத்தியவர்களில் சென்னும் ஒருவர். பிற்காலத்தில் அவர்மீது வந்த வழக்கும் சிறையும் நாடே விவாதித்தவை. நான் இங்கே பார்ப்பது அந்த விருது எதைக் கண்டது என்பதை மட்டும். சுரங்கத் தூசியில் இருமும் மனிதர்களின் ஊரில் தங்கி வேலை பார்ப்பதை எந்தப் பல்கலைக்கழகத் தேர்வாலும் அளக்க முடியாது. அதை அளக்க வேண்டும் என்று ஒரு கல்லூரி விரும்பியது.

பனியன் ஊர்க்காரர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. துணியைத் துவைப்பதற்கு முன் ஒருமுறையும், துவைத்துக் காயவைத்த பின் ஒருமுறையும் அளந்து, எவ்வளவு சுருங்கியது என்று பார்த்துத்தான் இங்கே சரக்குக்கு ஒப்புதல் வாங்குகிறார்கள். சென்னை மரபு முதல் அளவு, வேலூர் மரபு இரண்டாம் அளவு.

அப்படியானால் வேலூரைப் பின்பற்றிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அந்த மரபுக்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. காலம் கடந்து கொடுக்கும் விருது பெரும்பாலும் அசாதாரணமானவர்களைத்தான் தேடும். காட்டுக்குள் மருத்துவமனை கட்டியவர், மலையில் தங்கிவிட்டவர், குடும்ப சுகத்தை விட்டவர். அவர்களை வணங்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சேவை என்றாலே துறவு என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால், ‘அது நமக்கு ஆகாது’ என்று ஒதுங்கிப்போகவும் அதுவே காரணமாகும். குண்டடத்திலோ மூலனூரிலோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீடு திரும்பி, பத்தாண்டு ஒழுங்காக ரத்த அழுத்தம் பார்த்து, பிரசவம் பார்த்து, மாத்திரை தீராமல் கவனித்துக்கொண்ட டாக்டரைத் தேடி எந்த விருதும் வருவதில்லை. ஒரு மாவட்டத்தின் உடல்நலம் பெரும்பகுதி அவர் போன்றவர்களால்தான் நிற்கிறது.

இரண்டாவது பலவீனம், இருபது ஆண்டு கழித்து வரும் விருதால் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு உடனடி ஊக்கம் எதுவும் இல்லை. அந்த வயதில் ஒருவர் எதைச் செய்தால் மேடையில் கைதட்டல் கிடைக்கிறதோ அதையே நல்ல டாக்டரின் அடையாளமாகக் கூடவே நிற்கிற மற்றவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். கைதட்டலில் தங்கள் பங்கு இல்லாத தொண்ணூறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் திருப்பூரின் நோயாளியைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகிறது. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பு. தைக்கிறவர், செக்கிங் பார்க்கிறவர், அயர்னிங், பேக்கிங், சாயப்பட்டறை என்று அந்தச் சரக்கின் பின்னால் நிற்பவர்கள் தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நிற்கிறார். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருப்பார். தமிழ் தெரியாமலும் இருக்கலாம்.

1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன வேலை பார்க்கிறாய்?’ என்பதையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். பல்லடம், அவிநாசிப் பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்கிறவர் மார்பு இறுக்கத்தோடு வந்தால், ‘வாரத்தில் எந்த நாள் அதிகமாக இருக்கிறது?’ என்று கேட்கத் தெரிய வேண்டும். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அதிகம் என்றால், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி, இந்த மாவட்டத்தில் அன்றாடத் தேவை. காசநோய் என்றால் குறைந்தது ஆறு மாத மருந்து. நாலாவது மாதத்தில் அந்த ஆள் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார், அறையைக் காலி செய்திருப்பார், இல்லாவிட்டால் சொந்த ஊருக்கு ரயில் ஏறியிருப்பார். அவரைத் தேடிப் பிடித்து மருந்தைத் தொடர வைப்பதுதான் சிகிச்சையின் கடினமான பாதி. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் சோர்வாக இருக்கிறது என்றால், டார்கெட்டை முடிக்க மதியச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவற்றில் நன்றாகத் தேர்ந்த ஒரு ஹவுஸ் சர்ஜனை வார்டில் எல்லோருக்கும் தெரியும். நர்சுகளுக்குத் தெரியும், தள்ளுவண்டி தள்ளுகிறவருக்குத் தெரியும். ‘அந்தப் புள்ள நல்லாப் பாக்குதுங்க’ என்று நோயாளியின் கூட வந்தவர்கள் பேசிக்கொள்வார்கள். பட்டமளிப்பு மேடைக்கு மட்டும் அது தெரியாது. பெரும்பாலான பதக்கங்கள் தேர்வுகளோடு கணக்கு முடித்துவிடுகின்றன. ஹவுஸ் சர்ஜன் ஆண்டு, அதாவது மாணவர் முதன்முதலாக உண்மையான இரவு டூட்டி பார்க்கும் ஆண்டு, எந்தப் பதக்கத்தின் கணக்கிலும் பெரிதாக வருவதில்லை. என் பார்வையில் இரண்டு மரபுகளுக்கும் நடுவே விடுபட்டுப்போன இடம் இதுதான். திருப்பூர் தன் சொந்த விருதை இங்கே ஏற்படுத்த வேண்டும்.

இதற்கு வழியும் இருக்கிறது. திருப்பூரின் முதல் பேட்ச் சேர்ந்த 2021-22 கல்வியாண்டிலிருந்து, தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு தொடர்ந்து அவர்களின் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேடுகளை யாராவது உண்மையாகப் படித்தால் போதும். எந்த வீட்டில் சர்க்கரை நோய் முதன்முதலாகத் தெரிந்தது, யாருக்கு மருந்து தொடர்ந்தது, எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தசோகை சரியானது என்பதெல்லாம் எண்ணிப் பார்க்கக்கூடியவை. இவற்றைக் கொண்டு தீர்ப்பளித்தால் குழுவின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறையும், முத்துலட்சுமிக்கு மதிப்பெண் தந்த பாதுகாப்பில் ஒரு பங்காவது இந்த விருதிலும் இருக்கும். பதிவேட்டில் எழுதியவரின் பெயரை மறைத்துப் படிக்கக் கொடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மருத்துவத்தில் மனிதத்தன்மைக்காக அமெரிக்காவின் ஆர்னால்ட் கோல்ட் அறக்கட்டளை நடத்தும் கௌரவச் சங்கத்தில் சக மாணவர்களே பெயர்களை முன்மொழிகிறார்கள். அதையும் எடுத்துக்கொள்ளலாம்; இரவு மூன்று மணிக்கு யார் எழுந்து வருகிறார்கள் என்று கூடப் படித்தவர்களுக்குத் தெரியாமல் போகாது.

பணம் பற்றிக் கவலை இல்லை. கொடுக்கத் தெரிந்த ஊர் இது. ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்று மரம் நட ஆரம்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் நட்டுப் பராமரித்து வருகிறார்கள். இதே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் புற்றுநோய் சிகிச்சை மையத்துக்காக, நமக்கு நாமே திட்டத்தில் ஊரார் தங்கள் பங்கைத் தந்திருக்கிறார்கள். பதக்கம் என்று சொன்னால் போட்டிபோட்டுக் கொண்டு வருவார்கள். கவலை அங்கேதான். தாத்தா பெயரில் ஒன்று, கம்பெனி பெயரில் ஒன்று என்று முப்பது பொற்பதக்கங்கள் குவிந்து, அவை அத்தனையும் ஏதோ ஒரு பாடத்தில் முதல் மதிப்பெண்ணுக்கு என்று எழுதிவைக்கப்பட்டால், நூறு பேரில் ஒரே பெண் பத்துப் பதக்கங்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பார். பெண் என்று சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் 2021 பட்டமளிப்பில் 21,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளில் ஏறத்தாழ எழுபது சதவீதம் பெண்கள். முத்துலட்சுமி தனியாக நடந்த வழியில் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மனம் நிறையும் செய்தி. ஆனால் பதினோராவது பதக்கத்தால் அந்தப் பெண்ணுக்குப் புதிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே பணம் வேறு ஒருவரின் முதல் பதக்கமாகலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், அறக்கட்டளைப் பதக்கத்துக்கு ஒரு தொகையை முதலீடாகப் போட்டு அதன் வட்டியில்தான் ஆண்டுதோறும் பதக்கம் செய்வார்கள். தங்கம் விலை ஏறுகிற வேகத்தில் வட்டி ஏறுவதில்லை. சில ஆண்டிலேயே பொற்பதக்கம் முலாம் பூசியதாகிவிடும். ஆகவே கொடையாளர்களிடம் என் வேண்டுகோள் இது: பாடத்துக்கு ஒன்றாக மதிப்பெண் பதக்கங்கள் இருக்கட்டும், அவற்றைப் பெயர் தெரியாத விடைத்தாள்தான் தீர்மானிக்கட்டும். அதற்குமேல் வரும் பணம் இரண்டு விருதுகளுக்குப் போகட்டும். ஒன்று ஹவுஸ் சர்ஜன் ஆண்டின் வேலைக்கு. மற்றொன்று, முதல் பேட்ச் வெளியேறி ஐந்தாண்டு கழித்து, 2032இல் தொடங்கி, இந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையம், தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை ஆகியவற்றில் வேலை பார்க்கும் டாக்டர் ஒருவருக்கு. இருபது ஆண்டுத் தவம் வேண்டாம், ஐந்தாண்டு ஒழுங்கு போதும். அவர் இக்கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை.

அந்த இரண்டாவது விருதின் தேர்வுக் குழுவில் பேராசிரியர்கள் இருப்பார்கள், கொடையாளரும் இருக்க விரும்புவார். அவர்களோடு ஒரு கிராமச் செவிலியரும், காசநோய் மருந்தை ஆறு மாதமும் முடித்த ஒரு பனியன் தொழிலாளியும் இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இரண்டு நாற்காலிகளும் முதல் கூட்டத்திலேயே காணாமல் போய்விடும்.